மைல் எனும் தனியார் நாணயம்

அண்மையில் ஒரு திருமண வீட்டில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார். பெற்றோரைப் பிசினஸ் வகுப்பில் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்று வந்ததாகவும், வரிகளைத் தவிர ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்றும் பெருமிதத்துடன் கூறினார். பண்டிகைக் காலச் சலுகையில் கடன் அட்டையைக் கொண்டு பரிசுக் கூப்பன்களை வாங்கியிருக்கிறார். அதற்கு வழக்கத்தைப்போல் ஐந்து மடங்கு வெகுமதிப் புள்ளிகள் கிடைத்தன. அப்புள்ளிகளை விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றுவோருக்கு முப்பது விழுக்காடு கூடுதல் என்று வேறொரு சலுகை வந்தது. இரண்டையும் சேர்த்துப் பயணச்சீட்டுகளைப் பெற்றுவிட்டார். 'இதுல யாருக்கும் நஷ்டமே இல்ல சார்' என்று முடித்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவனுக்கு இப்படியொரு வாக்கியம் காதில் விழுந்தால், கை தானாகவே தாளையும் பேனாவையும் தேடும். சாப்பாட்டுப் பந்திக்கு அழைப்பு வந்துவிட்டதால் அன்று கணக்குப் போட இயலவில்லை. இப்போது போட்டுப் பார்க்கிறேன்.

மலிவு விலையில் மைல் சேர்க்கும் கலைக்கு ஒரு தலபுராணம் உண்டு. 1999இல் அமெரிக்க உணவு நிறுவனமொன்று, தன் பொருள்களின் பட்டைக் குறியீடுகள் பத்தை அனுப்புவோருக்கு ஐந்நூறு விமான மைல்கள் என்றும், குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்பினால் ஆயிரம் மைல்கள் என்றும் அறிவித்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் டேவிட் பிலிப்ஸ் கடை கடையாகத் தேடியதில், அந்நிறுவனத்தின் புட்டிங் கோப்பை ஒரு தள்ளுபடிக் கடையில் 25 சென்ட்டுக்கு விற்கப்படுவதைக் கண்டார். ஏறத்தாழ 3,140 டாலர் செலவில் 12,150 கோப்பைகளை வாங்கிக் குவித்தார். ஏன் இவ்வளவு என்று கேட்ட கடைக்காரர்களிடம், 2000ஆம் ஆண்டுக் கணினிக் குழப்பத்துக்கு முன்னேற்பாடு என்று சொல்லிச் சமாளித்தாராம். அத்தனை கோப்பைகளின் அட்டையையும் கிழிக்கக் கை போதாமல், புட்டிங்கைச் சால்வேஷன் ஆர்மி அறநிறுவனத்துக்குக் கொடையாக அளித்து, அட்டைகளை மட்டும் அதன் தொண்டர்களிடமிருந்து பெற்றுக்கொண்டார். கொடைக்கு 815 டாலர் வரிக்கழிவு வேறு கிடைத்தது. ஈட்டியவை 12,53,000 மைல்கள். ஒரு மைலுக்கு அவர் செலவிட்டது கால் சென்ட். 2002இல் வெளிவந்த 'பஞ்ச் டிரங்க் லவ்' திரைப்படத்தில் வரும் புட்டிங் கதை இந்த நிகழ்விலிருந்து எடுத்தாளப்பட்டதுதான்.

பிலிப்ஸை நான் குறைகூற மாட்டேன். அறிவிக்கப்பட்ட விதியைக் கவனமாகப் படித்தார், அவ்வளவே. அவருக்கு மைல்களை விமான நிறுவனம் இலவசமாகத் தரவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உணவு நிறுவனம் விமான நிறுவனத்திடமிருந்து மைல்களை விலை கொடுத்து வாங்கி, விளம்பரச் செலவாக எழுதிக்கொண்டது. பறக்கும் நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்தப் பன்னிரண்டரை லட்சம் மைல்களும் விற்ற சரக்கே.

விமான மைல் எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1978வரை அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசே நிர்ணயித்துவந்தது. அவ்வாண்டு கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும் கட்டணப் போட்டி மூண்டது. ஒரே வழித்தடத்தில், ஒரே வகை விமானத்தில், ஒரே மாதிரி இருக்கையை விற்கும் நிறுவனங்களிடையே பயணிக்கு விலையைத் தவிர வேறெந்த வேறுபாடும் தெரியவில்லை. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் பின்தொடர்ந்தது. புறப்பட்டுவிட்ட விமானத்தின் காலி இருக்கை, மாலையில் வாடிய பூவைப்போன்றது; மறுநாள் விற்க முடியாது. அந்த இருக்கையில் ஒருவரை அமர்த்துவதற்கு நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். வாடிக்கையாளர் மனத்திலோ அதன் மதிப்பு முழுப் பயணச்சீட்டின் மதிப்பு. இந்த இடைவெளியில்தான் திட்டம் முழுவதும் நிற்கிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அலுவல் பயணத்தில் பயணச்சீட்டுக்குப் பணம் தருபவர் முதலாளி. மைல் சேர்வதோ ஊழியரின் கணக்கில். கட்டணம் சற்று அதிகமானாலும் தன் மைல் சேரும் விமானத்தையே ஊழியர் விரும்புவார். பிறர் பணத்தில் பெறும் இந்தச் சிறு கையூட்டு அரசியல்வாதிகளையும் விட்டுவைக்கவில்லை. அரசுமுறைப் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில், 2002இல் பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சர் கிரெகோர் கீசி பதவி விலகினார். நம் மத்திய அரசும், அலுவல்முறைப் பயணத்தில் சேரும் மைல்களை அலுவல்முறைப் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

1980களின் பிற்பகுதியில் வங்கிகள் களத்தில் இறங்கியபோது திட்டத்தின் இயல்பே மாறிப்போனது. 1987இல் சிட்டி வங்கியுடன் இணைந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கடன் அட்டையை வெளியிட்டது. அதன் பிறகு மைல் சேர்க்க விமானத்தில் ஏற வேண்டிய தேவையே இல்லை. மளிகைக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் அட்டையைத் தேய்த்தால் போதும். வங்கிகள் மைல்களை மொத்தக் கொள்முதல் செய்து வாடிக்கையாளர்களுக்குச் சில்லறையாக வழங்கின. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துடனான கூட்டின் மூலம் மட்டும் டெல்டா நிறுவனம் 2024இல் ஈட்டிய தொகை ஏறத்தாழ 740 கோடி டாலர்.

கரோனா பெருந்தொற்றின்போது இந்தக் கணக்கின் உள்ளீடு வெளிச்சத்துக்கு வந்தது. விமானங்கள் தரையில் முடங்கிக் கிடந்த 2020இல், யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அதற்காக வெளியிடப்பட்ட ஆவணத்தில் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,190 கோடி டாலர் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. விமானங்கள், வழித்தடங்கள், ஊழியர்கள் எல்லாம் அடங்கிய மொத்த நிறுவனத்துக்கும் அன்றைய பங்குச்சந்தை தந்த மதிப்பு அதைவிடக் குறைவு. அதாவது, மைல்களை நீக்கிவிட்டால் எஞ்சும் பறக்கும் தொழிலைச் சந்தை சுழியத்துக்கும் கீழாகவே எடைபோட்டது. டெல்டா அதே ஆண்டில் 900 கோடி டாலரும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடுத்த ஆண்டில் 1,000 கோடி டாலரும் இவ்வாறே திரட்டின. விமானம் ஓட்டுவதைத் துணைத்தொழிலாகக் கொண்ட நாணய அச்சகங்கள் என்று இந்நிறுவனங்களைச் சொன்னால் மிகையாகாது.

நாணயம் என்ற சொல்லை உவமையாக மட்டும் சொல்லவில்லை. மைல் ஓர் அலகு. சேமிக்கலாம், பொருளுக்கு மாற்றலாம், சில இடங்களில் பிறருக்கு விற்கவும் அளிக்கவும் செய்யலாம். ஆனால் இந்த நாணயத்தை வெளியிடுபவரே அதன் ஒரே முதன்மைக் கடைக்காரர். அச்சடிக்கும் அளவுக்கு உச்சவரம்பு விதிக்க மைய வங்கி இல்லை. இன்று ஐம்பதாயிரம் மைலுக்குக் கிடைக்கும் இருக்கைக்கு நாளை எண்பதாயிரம் கேட்கலாம். முன்பெல்லாம் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற பட்டியலாவது இருந்தது. 2015இல் டெல்டா அப்பட்டியலை நீக்கியது. 2019இல் யுனைடெட்டும் நீக்கியது. இப்போது அந்த இருக்கையின் 'மைல் விலை' அன்றாடச் சந்தை நிலவரப்படி மாறுகிறது. பணவீக்கத்தை அளக்கும் குறியீட்டு எண்ணையே ஒழித்துவிட்டால் பணவீக்கம் கண்ணுக்குத் தெரியாதல்லவா?

நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். சேர்த்த மைல்களைப் பயன்படுத்துவதற்கான விதிகளை 1988இல் முன்தேதியிட்டுக் கடுமையாக்கியதை எதிர்த்துப் பயணிகள் தொடுத்த வழக்கு 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்காட இயலாது, ஒப்பந்த மீறல் என்ற அடிப்படையில் வேண்டுமானால் வழக்காடலாம் என்றது தீர்ப்பு. அடிக்கடி புகார் கூறினார் என்று உறுப்பினர் உரிமை பறிக்கப்பட்ட பயணி ஒருவர், நிறுவனம் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை என்று முறையிட்டார். 2014இல் அந்த வழக்கும் ஒருமனதாக நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஒப்பந்தத்தை எழுதுவது யார் என்பதையும், எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமையை அதில் யார் வைத்துக்கொள்கிறார் என்பதையும் விளக்கத் தேவையில்லை.

என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. ஆய்வுப் பணியின் நிமித்தம் சில ஆண்டுகள் அடுத்தடுத்து வெளிநாடு சென்றபோது ஒரு நிறுவனத்தில் மைல்கள் சேர்ந்தன. ஓய்வு பெற்றபின் மனைவியுடன் பயணம் செய்யலாம் என்று காத்திருந்தேன். ஓய்வு வந்தது, தேவைப்படும் மைல் எண்ணிக்கையும் கூடியது. இன்னும் ஒரு பயணம் செய்தால் எட்டிவிடலாம் என்று எண்ணியிருக்கையில், மூன்றாண்டுக் கெடு முடிந்து அத்தனையும் காலாவதியாயிற்று. சேமிப்பின் உளவியலைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுத்தவன் நான் என்பதை மனைவி இன்றும் நினைவூட்டுவதுண்டு. இவ்வாறு மீட்கப்படாமலே மடியும் மைல்களை முன்கூட்டியே மதிப்பிட்டு வருவாய்க் கணக்கில் சேர்க்கக் கணக்கியல் விதிகளில் முறையே இருக்கிறது. நம் மறதி அவர்களுக்கு ஒரு வருவாய்த் தலைப்பு.

இனி மைல்களைத் தள்ளுபடியில் விலைக்கு வாங்கும் சலுகையைப் பார்ப்போம். 'நூறு விழுக்காடு கூடுதல், நள்ளிரவு வரை மட்டும்' என்று மின்னஞ்சல் வருகிறது. எடுத்துக்காட்டாக, பட்டியல் விலை மைலுக்கு மூன்று சென்ட் என்று வைத்துக்கொண்டால், சலுகையில் ஒன்றரை சென்ட். ஐரோப்பாவுக்கு ஒருவழிப் பிசினஸ் வகுப்பு இருக்கைக்கு எண்பதாயிரம் மைல் தேவை எனில், விலை 1,200 டாலர். ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். அதே இருக்கையின் சந்தை விலை இரண்டரை லட்சம் எனில், ஒன்றரை லட்சம் லாபம் என்று மனம் துள்ளும். ஆனால் நம்மில் எத்தனை பேர் இரண்டரை லட்சம் கொடுத்து அந்த இருக்கையை வாங்கியிருப்போம்? வழக்கம்போல் சாதாரண வகுப்பில் நாற்பத்தைந்தாயிரத்துக்குப் போயிருப்போம். உண்மையில் நிகழ்ந்தது, ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் கூடுதல் செலவு. அந்நியச் செலாவணிக்காக அட்டை நிறுவனம் பிடிக்கும் கூடுதல் கட்டணம் தனி. கால் நீட்டி உறங்கும் சுகத்துக்கு ஐம்பத்தைந்தாயிரம் தகும் என்று ஒருவர் கருதினால் அது அவர் விருப்பம். அதைச் சேமிப்பு என்று அழைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. பயணத் தேதியும் இருக்கையும் உறுதியான பின் பற்றாக்குறையான சில ஆயிரம் மைல்களை வாங்குவது அறிவுடைமை. எப்போதாவது பயன்படும் என்று லட்சக்கணக்கில் வாங்கி வைப்பது, மதிப்புக் குறையும் என்று உறுதியாகத் தெரிந்த அந்நிய நாணயத்தை வட்டியில்லாமல் பதுக்குவதற்கு ஒப்பானது.

சலுகையின் செலவை அரசே ஏற்ற கதையும் நடந்திருக்கிறது. ஒரு டாலர் நாணயங்களை மக்களிடையே புழக்கத்துக்குக் கொண்டுவர விரும்பிய அமெரிக்க நாணயச் சாலை, 2008 முதல் அவற்றை முகமதிப்புக்கே, அஞ்சல் செலவின்றி வீட்டுக்கு அனுப்பியது. கடன் அட்டையையும் ஏற்றது. மைல் வேட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தருவித்து, பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் வங்கியில் செலுத்தி அட்டைக் கடனை அடைத்தார்கள். நாணயங்கள் புழக்கத்துக்கு வரவில்லை. மைல்கள் மட்டும் வந்தன. 2011இல் அட்டை வழி விற்பனையை நாணயச் சாலை நிறுத்தியது. அஞ்சல் செலவும் அட்டைக் கட்டணமும் பொதுமக்கள் தலையில் விழுந்தன.

என் மாணவரின் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு யார் செலவழித்தார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். கடன் அட்டையைத் தேய்க்கும்போது விற்பனைத் தொகையில் ஒன்றரை முதல் மூன்று விழுக்காடு வரை வணிகர் கட்டணமாகச் செலுத்துகிறார். வெகுமதிப் புள்ளிகளுக்கான நிதியின் ஒரு பகுதி அங்கிருந்தே வருகிறது. வணிகர் அதைத் தன் கைப்பொறுப்பில் தாங்குவாரா? பொருளின் விலையில் ஏற்றுவார். அந்த விலையை அட்டை உள்ளவரும் தருகிறார், ரொக்கமாகத் தருபவரும் தருகிறார். புள்ளி கிடைப்பது அட்டைக்காரருக்கு மட்டுமே.

அமெரிக்காவின் பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த பொருளியலாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டார்கள். சராசரியாக, ரொக்கத்தைப் பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு மறைமுகமாக வழங்குகிறது. அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது. வருமான அடிப்படையில் பார்த்தால், ஆண்டுக்கு 20,000 டாலருக்குள் ஈட்டும் குடும்பம் 21 டாலர் இழக்கிறது. 1,50,000 டாலருக்கு மேல் ஈட்டும் குடும்பம் 750 டாலர் அடைகிறது. ஏழையிடமிருந்து எடுத்து வசதி படைத்தவருக்கு வழங்கும் இத்தகைய வரியை எந்த நாட்டு நிதியமைச்சராவது நாடாளுமன்றத்தில் முன்மொழியத் துணிவாரா?

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகளுக்கிடையிலான அட்டைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது: பற்று அட்டைக்கு 0.2 விழுக்காடு, கடன் அட்டைக்கு 0.3 விழுக்காடு. ஆஸ்திரேலியா 2003லேயே இவ்வழியில் அடியெடுத்து வைத்தது. இரு இடங்களிலும் வெகுமதிகள் மெலிந்தன. அமெரிக்கப் பயணிகளைப்போல் ஐரோப்பியர்கள் மைல்களில் புரளாததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இந்தியாவின் நிலை விசித்திரமானது. யுபிஐ பரிவர்த்தனைக்கு 2020 முதல் வணிகரிடம் கட்டணமில்லை. எனவே கீரைக்காரம்மாவின் கடையில் எவருடைய மைலும் ஏறுவதில்லை. அவ்வகையில் நம் ஏழை அமெரிக்க ஏழையைவிடக் காக்கப்பட்டிருக்கிறார். ஆனால் பேரங்காடி, மின்னணுக் கடை, மருத்துவமனை, இணைய வணிகம் எனக் கடன் அட்டை புழங்கும் இடங்களில் அதே மறைமுக மாற்றம் நடக்கவே செய்கிறது. நாட்டில் புழக்கத்திலுள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024இல் பத்துக் கோடியைத் தாண்டியது.

புள்ளிகளுக்குப் பணம் தருபவர் இன்னொருவரும் இருக்கிறார். அவர் என் மாணவரைப் போன்ற இன்னோர் இளைஞர். ஆனால் மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட இயலாதவர். நம் நாட்டில் நிலுவைத் தொகைக்கு மாதத்துக்கு மூன்று முதல் மூன்றேமுக்கால் விழுக்காடு வரை வட்டி விதிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 36 முதல் 45 விழுக்காடு. கந்துவட்டி என்று நாம் முகஞ்சுளிக்கும் விகிதத்துக்கு இது அதிகத் தொலைவில் இல்லை. நூறு ரூபாய்ச் செலவுக்கு இரண்டு, மூன்று ரூபாய் மதிப்புள்ள புள்ளி. ஒரே மாதம் தவறினால் அது முழுவதும் வட்டியில் போய்விடும். 'இந்த மாதத்துக்குள் ஒரு லட்சம் செலவிட்டால் பத்தாயிரம் கூடுதல் புள்ளி' என்ற சலுகை, முதல்வகை இளைஞரைக் காட்டி இரண்டாம்வகை இளைஞரைப் பிடிக்கும் தூண்டில்.

விமான நிறுவனமே மறைந்துபோனால் என்னவாகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2012இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது உறுப்பினர்களின் மைல்கள் செல்லாக்காசாயின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, அதன் மைல் திட்டம் எதிஹாத் பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்த தனி நிறுவனமாக இருந்ததால் மைல்கள் தப்பின. பெயர் மாறி, பொருள்களாகவும் பிற நிறுவனங்களின் சீட்டுகளாகவும் மாற்றிக்கொள்ளும் புள்ளிகளாயின. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என மாற்றித் தரப்பட்டன. மூன்று நிறுவனங்கள், மூன்று விதமான முடிவுகள். மூன்றிலும் புள்ளி வைத்திருந்தவர் முன்கூட்டி அறிந்துகொள்ளவோ பேரம் பேசவோ வழியில்லை.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, நான்கு பெரிய விமான நிறுவனங்களிடம் அவற்றின் வெகுமதித் திட்டங்கள் குறித்து விளக்கம் கேட்டது. மதிப்பிறக்கம், மறைவான விலை நிர்ணயம், கூடுதல் கட்டணங்கள், போட்டிக் குறைவு ஆகியவை அதன் கேள்விகள். நம் நாட்டில் அட்டையை ரிசர்வ் வங்கி மேற்பார்வையிடுகிறது. விமானத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மேற்பார்வையிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உலவும் மைலுக்கு நேரடிக் காவலர் யாரென்று தெளிவில்லை. தடை ஏதும் தேவையில்லை. மைல் மதிப்பைக் குறைப்பதற்கு ஆறு மாத முன்னறிவிப்பு. குறைப்பதற்கு முன் சேர்த்த மைல்களுக்குப் பழைய விகிதம். விற்பனை விளம்பரத்தில் கடந்த ஓராண்டில் ஒரு மைலுக்குச் சராசரியாகக் கிடைத்த மதிப்பு. இந்த மூன்றையும் கட்டாயமாக்கினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். பரஸ்பர நிதியை விற்பவர் கடந்தகால ஈட்டத்தை வெளியிடுகிறார். மைலை விற்பவர் வெளியிட்டால் என்ன?

இக்கட்டுரைக்கான குறிப்புகளைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது அந்த மாணவர் தொலைபேசியில் அழைத்தார். கையில் ஒன்றரை லட்சம் புள்ளிகள் இருப்பதாகவும், மைலாக மாற்றினால் கூடுதல் தரும் சலுகை அன்று நள்ளிரவோடு முடிவதாகவும் சொல்லி, மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றார்.